தந்ததாது முற்றத்தில் ஒரு தமிழ்க் கல்



1973 ஆம் ஆண்டு மட்டக்களப்பிலுள்ள எங்கள் பாடசாலையிலிருந்து ஒரு பஸ் நிறைய மாணவர்கள் பொலநறுவைக்குச் சுற்றுலா போனோம். எங்களைக் கூட்டிச் சென்றவர் சரித்திர ஆசிரியர். நல்ல மனிதர், பாடத்தை நாடகம்போல் நடத்துவார். அன்று அவர் எங்களை முதலில் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு சிவன் கோயிலின் முன்னால். கருங்கல்லாலேயே எழுந்த சிறிய கோயில். "பிள்ளையள், இது நம்மட கோயில். சோழர் கட்டினது," என்றார். பிறகு வட்ட வடிவமான கட்டடமும் உயர்ந்த தூண்களும் தெரிந்த திசையைக் கையால் காட்டி, "மற்றதெல்லாம் அவங்கட," என்றார். அந்த 'மற்றதெல்லாம்' என்ற சொல்லுக்குள் அடங்கிப்போன இடங்களை நாங்கள் ஒரு மணித்தியாலத்தில் ஓடி ஓடிப் பார்த்து முடித்தோம்.

அப்படி ஓடியபோது ஒரு கல்லைக் கடந்து போயிருக்கிறேன். தமிழில் எழுதப்பட்ட கல். பார்த்ததாகவே எனக்கு நினைவில்லை. அந்தக் கல்லைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இரண்டாம் முறை நான் அங்கே போனது அண்மையில். இந்தத் தடவை கூட வந்தவள் என் பேத்தி. உயர்தரத்தில் சரித்திரம் படிக்கிறாள். மட்டக்களப்பிலிருந்து காலைப் புகைவண்டி. ஏறாவூர், வாழைச்சேனை, புனானை, வெலிக்கந்தை என்று ஊர்கள் ஒவ்வொன்றாய்ப் பின்னால் போயின. போர்க்காலத்தில் பல ஆண்டுகள் புகைவண்டியே ஓடாதிருந்த தண்டவாளம் அது. மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடந்தோம். கதுருவெலவில் இறங்கி, முச்சக்கர வண்டி பிடித்துப் பழைய நகருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

பொலநறுவைக்குப் புலத்திநகர் என்றும் ஒரு பெயர் உண்டு. இன்னொரு பெயரும் இருந்தது, ஜனநாதமங்கலம். முதலாம் இராஜராஜனின் பட்டப் பெயர்களில் ஒன்று ஜனநாதன். 993 ஆம் ஆண்டளவில் அவனுடைய படை இலங்கையின் வடபகுதியைக் கைப்பற்றியது. அனுராதபுரத்தின் பெருமை அதோடு முடிந்தது. 1017 இல், இராஜேந்திரன் காலத்தில், ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டான். ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு சோழராட்சி இந்த நகரிலிருந்து நடந்தது. எங்கள் ஆசிரியர் காட்டிய கோயிலின் பெயர் வானவன்மாதேவி ஈஸ்வரம். இராஜேந்திரனின் தாயின் பெயரால் அமைந்தது. 1070 அளவில் உறுகுணையிலிருந்து படை நடத்திவந்த விஜயபாகு சோழரை வெளியேற்றினான். சோழர் அமைத்த தலைநகரையே தன் தலைநகராக வைத்துக்கொண்டான். இன்று நாம் காணும் பொலநறுவையின் பெருமை அங்கிருந்து தொடங்குகிறது. 1982 இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொண்டது.

நகரின் நடுவே மதில் சூழ்ந்த மேடான முற்றம் ஒன்று இருக்கிறது. சிங்களத்தில் 'தளதா மளுவ' என்பார்கள். தந்ததாது முற்றம் என்று சொல்லலாம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறவேண்டும். கல் சுட்டது. பேத்தி காலுறையோடு நடந்தாள். நான் வெறுங்காலோடு குதித்துக் குதித்து நிழல் தேடினேன்.

முதலில் வட்டதாகே. நடுவே சிறிய தூபி. நான்கு திசைகளையும் நோக்கி நான்கு புத்தர்கள். வாயிற்படியில் சந்திரவட்டக்கல். அனுராதபுரத்துச் சந்திரவட்டக் கற்களில் யானை, குதிரை, சிங்கம், எருது என நான்கு விலங்குகள் வரிசையாகப் போகும். இங்கே எருதைக் காணவில்லை. சைவர்களின் நந்தியைக் காலால் மிதிக்கக்கூடாது என்ற எண்ணம் அதற்குள் ஊறிவிட்டது என்பது அறிஞர் பலர் கூறும் காரணம். கல்லில் இல்லாத ஒன்றும் சில வேளை சரித்திரம் சொல்கிறது.

எதிரே அடதாகேயும் ஹடதாகேயும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. அடதாகே விஜயபாகு காலத்துத் தந்ததாது மாளிகை. ஹடதாகே ஒரு நூற்றாண்டின் பின் வந்த நிசங்கமல்லனுடையது. ஹடதாகேயின் பக்கத்தில் கிடக்கிறது அவனுடைய கல்பொத்த, அதாவது கற்புத்தகம். 26 அடிக்கு மேல் நீளமான ஒரே கல். மிகிந்தலையிலிருந்து இழுத்து வரப்பட்டது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 1187 முதல் 1196 வரை ஆண்ட அந்த மன்னன் தன் குலத்தையும் கொடையையும் வீரத்தையும் அதில் நிறையவே சொல்லியிருக்கிறான். பௌத்தரல்லாத சோழரையோ கேரளரையோ இந்நாட்டு அரியணையில் ஏற்றக்கூடாது என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. உல்லாசப் பிரயாணிகள் அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் தேடி வந்த கல் அடதாகேயின் பக்கத்தில் நின்றது. அதன் முன்னால் ஒருவரும் இல்லை.

நிமிர்ந்து நிற்கும் ஒரு கற்பலகை. எழுத்து நெருக்கமாக, வரிக்கு வரி இடைவெளி குறைவாக ஓடுகிறது. தொடக்கத்தில் கிரந்த எழுத்தில் வடமொழிச் சுலோகம், பிறகு தமிழ். இன்றைய கண்ணுக்கு உடனே பிடிபடாத பழைய வடிவங்கள். பரணவிதான பதிப்பித்த பாடத்தைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பேத்தி கல்லில் விரல் படாமல் காற்றிலே கோடு போட்டு எழுத்துக்களைப் பிடித்தாள். "அம்மப்பா, இது 'க' தானே? இது 'ர'..." என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் புத்தகத்தில் ஒத்துப்பார்த்தேன். வாசித்தோம் என்று சொல்ல முடியாது. தட்டித் தடவி நடந்தோம்.

அப்போது காவலாளி வந்தார். அறுபதை அண்டிய வயது. கல்லைத் தொடுகிறோமோ என்று பார்க்க வந்தவர், தொடவில்லை என்று கண்டதும் நின்றுவிட்டார். "மாத்தயா, தமிழ் ஆட்கள் இதைப் பார்க்க வருவது குறைவு. கோயிலைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள்," என்று சிங்களத்தில் சொன்னார். எனக்கு 1973 நினைவு வந்தது. பிறகு அவர் கேட்டார்: "இதிலே என்ன எழுதியிருக்கிறது?"

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

சக்கரவர்த்தி விஜயபாகு பகைவரை வென்று அனுராதபுரம் புகுந்து, பௌத்த சாசனத்தைக் காக்கும்படி சங்கத்தார் வேண்ட முடி சூடினான். அருமண நாட்டிலிருந்து, அதாவது இன்றைய பர்மாப் பகுதியிலிருந்து, பிக்குகளை வரவழைத்துச் சங்கத்தைத் தூய்மை செய்தான். 55 ஆண்டுகள் ஆண்டு 73 ஆண்டுகள் வாழ்ந்தான். அவன் ஆணைப்படி தேவ சேனாதிபதி கட்டிய தந்ததாது மாளிகை இது. இவ்வளவும் முன்னுரை. இனித்தான் செய்தி வருகிறது. இராஜகுருவான முகலன் மகாதேரர் இராச்சியத்து அமைச்சர்களோடு கூடி எங்களை அழைத்து, தந்ததாது மாளிகை உங்கள் காவலில் இருக்கட்டும் என்று கேட்டார். நாங்கள் எங்கள் மாதந்திரத்தைக் கூட்டி, எங்களுக்கு மூத்தோராகிய வளஞ்சியரையும் நகரத்தாரையும் அழைத்து, இதற்கு 'மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி' என்று பெயரிட்டோம். காவலுக்குச் சேவகனை நியமித்தோம். ஆளுக்கொரு வேலி நிலம் ஒதுக்கினோம். இந்தப் பள்ளிக்குரிய ஊர்களையும் உடைமைகளையும் பரிசனத்தையும், இங்கே அபயம் புகுந்தவர்களையும், நாங்கள் அழிய நேர்ந்தாலும் காப்போம். எங்கள் மரபு உள்ளவரை இது நடக்கும். இதை மீறியவன் ஐம்பெரும் பாதகங்களைச் செய்தவன் ஆவான்.

காவலாளி கவனமாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். எந்தச் சரித்திர வகுப்பிலும் நான் கேட்டிராத கேள்வி. "சொன்னபடி காப்பாற்றினார்களா?"

நேயர்களே, இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் வேளைக்காரர் யார் என்று சொல்ல வேண்டும்.

உற்ற வேளையில் உயிரைக் கொடுப்பதாகத் தலைவனிடம் உறுதி செய்துகொண்ட படையினர் வேளைக்காரர் என்பது வழக்கமான விளக்கம். சோழர் படையிலும் இருந்தார்கள். சோழர் போனபின் விஜயபாகுவின் சேவையிலும் இருந்தார்கள். கல்வெட்டே அவர்களின் பிரிவுகளை எண்ணிச் சொல்கிறது: வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர், பரிவாரக்கொந்தம், பலகலனை. ஆகவே எல்லோரும் தமிழரல்லர். தெலுங்கு நாட்டாரும் மலைநாட்டாரும் கலந்த கூலிப்படை. அவர்களைச் சேர்த்து வைத்த பொதுமொழி தமிழ்.

இவர்களுக்கும் விஜயபாகுவுக்கும் இடையில் ஒரு பழைய கணக்கு இருந்தது. சூளவம்சம் அதைச் சொல்கிறது. மன்னனின் 30 ஆம் ஆட்சியாண்டு, 1085 அளவில். கர்நாடக அரசனிடம் தான் அனுப்பிய தூதர்களைச் சோழர் அங்கபங்கம் செய்ததைக் கேட்ட விஜயபாகு, சோழர் மீது படையெடுக்கத் துறைமுகங்களுக்குச் சேனையை அனுப்பினான். வேளைக்காரர் போக மறுத்தார்கள். சேனாதிபதிகள் இருவரைக் கொன்றார்கள். பொலநறுவையைச் சூறையாடி, மன்னனின் தங்கை மித்தாவையும் அவளுடைய மூன்று புதல்வரையும் பிடித்தார்கள். அரண்மனைக்குத் தீ வைத்தார்கள். தெற்கே விலகிப்போன மன்னன் திரும்பி வந்து அவர்களை முறியடித்தான். கலகத் தலைவர்களைக் கைகளைப் பின்னால் கட்டி, கொல்லப்பட்ட சேனாதிபதிகளின் சிதையருகே தீயிலிட்டான்.

அரண்மனையை எரித்தவர்கள் இவர்கள். எரிக்கப்பட்டவர்களும் இவர்கள். கால் நூற்றாண்டு கழிந்து, அந்த மன்னன் 1110 இல் இறந்த பின்னர், அவன் கட்டிய மாளிகையைக் காக்கும்படி ஒரு பௌத்த மகாதேரர் அழைத்தது இவர்களைத்தான். ஏன்?

கல்வெட்டு காரணம் சொல்லவில்லை. ஆனால் அந்நாளைய நிலைமை சொல்கிறது. விஜயபாகு கண்மூடியதும் அரியணைக்குச் சண்டை மூண்டது. ஒரு பக்கம் தம்பி ஜயபாகுவும் மித்தாவின் பிள்ளைகளும்; மறுபக்கம் மகன் விக்கிரமபாகு. புத்தரின் தந்ததாது யார் கையில் உண்டோ அவருக்கே அரசுரிமை என்ற எண்ணம் வலுத்து வந்த காலம். மன்னர் குடும்பத்தில் யாரை நம்பினாலும் மற்றவர் பகை. அந்த வேளையில் தேரர் தேடியது அரியணையில் ஆசையில்லாத ஒரு கையை. வாளும் இருக்க வேண்டும், கிரீடத்தின் மீது கண்ணும் இருக்கக்கூடாது. அந்நியராக இருந்ததே வேளைக்காரருக்குத் தகுதியாயிற்று என்று நான் எண்ணுகிறேன். அவர்கள் பக்தியால் மட்டும் வந்தார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. வேலி நிலமும் வணிகரின் துணையும் கணக்கில் இருந்தன. ஆனாலும் கூலிக்குச் செய்யும் ஒரு வேலைக்கு 'நாங்கள் அழிந்தாலும்' என்று கல்லில் வெட்டவேண்டிய அவசியம் இல்லை.

அப்படியானால் காப்பாற்றினார்களா? அது நீண்ட நாள் நீடிக்கவில்லை என்பதே உண்மை. விக்கிரமபாகு விகாரைகளின் நிலங்களைப் பறித்துத் தன் ஆட்களுக்குக் கொடுத்தான். பிக்குகள் தந்ததாதுவையும் பாத்திரதாதுவையும் எடுத்துக்கொண்டு உறுகுணைக்குப் போய்விட்டார்கள். பின்னாளில் முதலாம் பராக்கிரமபாகு உறுகுணையில் பெரும் போர் நடத்தித்தான் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கல் நட்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1215 இல், கலிங்கத்து மாகன் பெரும்படையோடு வந்து இந்த நகரைப் பிடித்தான். அவன் படையில் கேரளரும் தமிழரும் இருந்தார்கள். விகாரைகள் இடிந்தன, நூல்கள் அழிந்தன. வாச்சிஸ்ஸர தேரர் தலைமையிலான பிக்குகள் தாதுக்களைக் கொத்மலையில் கொண்டுபோய் மறைத்தார்கள். தமிழ் பேசிய வாள்கள் இந்த முற்றத்தைக் காக்கவும் உறுதி சொன்னன; அழிக்கவும் வந்தன. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விடுவது சரித்திரமாகாது.

இவ்வளவையும் காவலாளியிடம் சுருக்கிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார். "நானும் சம்பளத்துக்குக் காவல் நிற்கிறவன்தான், மாத்தயா. ஆனால் இரவில் தனியே இங்கே நிற்கும்போது சம்பளம் நினைவுக்கு வருவதில்லை," என்றார். சொல்லிவிட்டு, கற்புத்தகத்தின் மேல் ஏறப்போன ஒரு பையனை அதட்டிக்கொண்டு போனார்.

பேத்தி அப்போதுதான் கேட்டாள்: "அப்ப இந்தக் கல் ஆருட, அம்மப்பா?"

எங்கள் ஆசிரியர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. எனக்கு உடனே பதில் வரவில்லை. கேட்டவர் ஒரு பௌத்த தேரர். உறுதி கொடுத்தவர்கள் தமிழரும் வடுகரும் மலையாளரும். அழைக்கப்பட்ட மூத்தோர் கடல் கடந்து வாணிகம் செய்தவர்கள். எழுதிய மொழி தமிழ், முகப்பில் வடமொழி. காக்கப்படவேண்டிய பொருள் வட இந்தியாவிலே பிறந்த ஒரு மகானின் பல். இதை 'நம்மட', 'அவங்கட' என்ற இரண்டு பெட்டிகளில் எதில் போடுவது?

இது தனித்த கல்லும் அன்று. திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். அங்கே விளக்கெரிக்கக் கொடை கொடுத்தவர்களின் தமிழ்க் கல்வெட்டுக்கள் பல உள்ளன. தமிழ் இந்நாட்டில் சைவத்தின் மொழியாக மட்டும் வாழவில்லை. புத்தருக்கு விளக்கேற்றியும், புத்தரின் பல்லுக்குக் காவல் நின்றும் வாழ்ந்திருக்கிறது. பாட்டையும் பக்தி நூலையும் இலக்கியம் என்று படிக்கும் நாம், ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்ற இந்த உரைநடையையும் நம் இலக்கியத்தில் ஒரு பக்கமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டாமா?

மாலையில் கல்விகாரைக்குப் போனோம். ஒரே பாறையில் செதுக்கிய நான்கு புத்தர்கள். சயனத் திருமேனி 46 அடி நீளம். தலையணையில் தலையின் பாரம் பதிந்த இடம் சற்றே அமுங்கியிருப்பதைச் சிற்பி கல்லிலே காட்டியிருக்கிறான். பாறையில் இன்னொரு பக்கத்தில் பராக்கிரமபாகுவின் கதிகாவத. பிளவுபட்ட சங்கத்தை ஒன்றாக்கி அவன் வகுத்த ஒழுக்க விதிகள். இங்கே உங்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். வேளைக்காரர் பிடித்துச் சென்ற மித்தா ஒரு பாண்டிய இளவரசனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவளோடு அகப்பட்ட பிள்ளைகளில் ஒருவன் மானாபரணன். அவனுடைய மகன்தான் பராக்கிரமபாகு. அன்றைய கலவரத்தில் அந்தப் பிள்ளைக்கு ஏதும் நேர்ந்திருந்தால், இந்தப் பாறையில் இந்தப் புத்தர்கள் தூங்கியும் விழித்தும் இருந்திருப்பார்களோ என்னவோ.

இருள் விழ முன்னர் திரும்ப வேண்டியிருந்தது. வழியில் பேத்தி குறிப்புப் புத்தகத்தை வாங்கி, 'அபயம்' என்ற இடத்தில் விரலை வைத்து, "இந்தச் சொல்லை இப்பவும் சொல்றம்தானே?" என்றாள்.

சொல்கிறோம். நேயர்களே, 1983 ஆடியில் கொழும்பில் ஒரு சிங்களக் குடும்பத்தின் பின்னறையில் நான் மூன்று நாள் இருந்தேன். வாசலில் ஆட்கள் வந்து கேட்டபோது அந்த வீட்டு அம்மா, "இங்கே ஒருவரும் இல்லை," என்று சொன்னது கதவுக்கு உள்ளே எனக்குக் கேட்டது. அந்த அம்மா எதையும் கல்லில் வெட்டவில்லை. கூலியும் வாங்கவில்லை. தனக்கு என்ன நேரும் என்பதும் அவருக்குத் தெரியாது. அபயம் புகுந்தவரை நாங்கள் அழிந்தாலும் காப்போம் என்று வேளைக்காரர் தமிழில் எழுதி வைத்ததை, அதை ஒருநாளும் வாசித்திராத ஒருவர் சிங்களத்தில் செய்து காட்டினார்.

ஆகவே காவலாளியின் கேள்விக்கு நான் சொன்ன பதில் பாதிதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. உறுதி கொடுத்தவர்கள் மறைந்துவிட்டார்கள்; காக்கப்பட்ட பொருளும் பல நகரங்கள் மாறிக் கண்டிக்குப் போய்விட்டது. அந்த வாக்கு மட்டும் இடம் மாறாமல் நிற்கிறது. அதைக் காப்பாற்றும் முறை இப்போது வாசிக்கிறவர்களிடம் வந்திருக்கிறது.

பொலநறுவைக்குப் போகிறவர்கள் சிவன் கோயிலையும் பாருங்கள், கல்விகாரையையும் பாருங்கள். தந்ததாது முற்றத்தில் அந்தக் கல்லின் முன்னும் ஒரு பத்து நிமிஷம் நில்லுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போகும் ஆசிரியர்களுக்கு இது என் தனி வேண்டுகோள்.